எத்தனை வருஷம் பயிற்சி குடுப்பீங்க? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

கோத்தகிரி பக்கத்துல அறிவுசார் குறைபாடு உள்ளவங்களுக்கான ஒரு பகல்நேர மையத்துல சிறப்பாசிரியரா இருக்கேன். எங்ககிட்ட வர்றவங்க எல்லாருமே 18 வயசு தாண்டினவங்க. ஊர்க்காரங்க அரை ஏக்கர் பூமி குடுத்திருக்காங்க, அதுல காய்கறித் தோட்டம் போட்டு பயிற்சி குடுக்கலாம்னு இருக்கோம். மண்ணுல கை வெச்சா மனசு அமைதியாகும்னு படிச்சேன், இந்த தெரபி பத்தி உங்க கருத்து என்ன? முதல்ல எந்த காய் வைக்கலாம்? திறப்பு விழாவுக்கு நாலு வரி வாழ்த்தும் எழுதிக் குடுத்தா சந்தோஷப்படுவோம்.

– பேர் போட வேண்டாம்னு கேட்ட வாசகர்

அன்புள்ள தம்பி,

வாழ்த்தெல்லாம் எனக்கு எழுத வராது, விடுங்க. தெரபி பத்தி பேசவும் நான் ஆள் இல்ல. எங்க மலையில மண்ணுல கை வெச்சவன் எவனும் அமைதியா இருந்து நான் பாத்ததில்ல, மேட்டுப்பாளையம் மண்டியில இன்னைக்கு கிழங்கு என்ன ரேட்டுன்னு போனையே பாத்துட்டு உக்காந்திருப்பான்.

ஆனா இந்த பயிற்சி விஷயம் கொஞ்ச நாளா மண்டையில ஓடிட்டே இருக்கு, அதான் உங்களுக்கு உடனே எழுதறேன். எத்தனை வருஷம் தம்பி குடுப்பீங்க? ஒரு விவசாயி பையன் ஒரு போகம் அப்பன் கூட நின்னா அடுத்த போகத்துல அவனே ஆள் வெச்சு வேலை வாங்குவான். உங்கள மாதிரி இடங்கள்ல முப்பது வயசு ஆளு வருஷக்கணக்கா பயிற்சியிலயே இருக்கான். பயிற்சியில இருக்கறவனுக்கு கூலி குடுக்க வேண்டாம் பாருங்க, எல்லாருக்கும் சௌகரியம். வருஷத்துக்கு ஒரு சர்டிபிகேட், விருந்தாளி வந்தா ஒரு பாட்டு, கையில பூவாளியோட ஒரு போட்டோ. அந்த பூவாளி மட்டும் தான் அவங்களுக்கு. பாத்தி பிடிக்கறது ஒருத்தர், விதைக்கறது சார், வித்து காசு வாங்கறது ட்ரஸ்டி.

கேத்தி பக்கம் எங்க பெரியம்மா வீடு. அவங்க மூத்த பையன், எங்களுக்கெல்லாம் அண்ணன், பத்துக்கு மேல எண்ண வராது, மணி பாக்க தெரியாது. பூண்டு நடறப்ப அதை பாக்கணும். ஒவ்வொரு பல்லையும் கட்டைவிரலால தடவி வேர்ப்பக்கம் எதுன்னு பாத்து, கூர் மேல வர்ற மாதிரி ஊனும், விரலை வெச்சு அளந்துட்டு அடுத்த குழிக்கு போகும். வெளியாள் யாராவது தலைகீழா ஊனிட்டு போனா பின்னாடியே வந்து நாக்கை ச்சக்குன்னு தட்டிட்டு பிடுங்கி திருப்பி வெக்கும். யாரும் அதுக்கு பயிற்சி குடுக்கல, கூட நின்னு பாத்துச்சு, அவ்வளவுதான். மூட்டை லாரி ஏறி காசு வந்த அன்னைக்கு பெரியப்பா திண்ணையில உக்காந்து கூலி எண்ணி குடுப்பாரு, அண்ணனும் வரிசையில நிக்கும், அது முறை வந்ததும் ஒரு டீயும் வர்க்கியும் குடுப்பாங்க. அதை வாங்கிட்டு மறுபடி வரிசைக் கடைசியில போய் நிக்கும். எல்லாரும் சிரிப்பாங்க.

பெரியப்பா கெட்டவர் இல்ல, அண்ணனுக்கு காய்ச்சல்னா ராத்திரியில தோள்ல தூக்கிட்டு ஓடினவரு. காசு குடுத்தா தொலைச்சிடும்னு நெனச்சாரு. தொலைச்சா தொலைக்கட்டுமே? சீட்டாடியே எல்லாத்தையும் தொலைச்ச சித்தப்பா கூலியை யாரும் பிடிச்சு வெக்கலையே!

இப்ப சட்டமே இருக்கு. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 13வது பிரிவு எடுத்து படிங்க. சொத்து வெச்சுக்கவும் தன்னோட பண விவகாரத்தை தானே பாத்துக்கவும் மத்தவங்களுக்கு இருக்கற அதே உரிமை அவங்களுக்கும் உண்டு, கூட உதவிக்கு ஒரு ஆள் வெச்சுக்கலாம். அரசாங்கம் மாசாமாசம் போடற பராமரிப்புத் தொகை இருக்கே, உங்க மையத்துல இருக்கறவங்கள்ல எத்தனை பேரோட ஏடிஎம் கார்டு அவங்கவங்க பாக்கெட்ல இருக்குன்னு நாளைக்கே கேட்டு பாருங்க. வீட்டுல கோவிச்சுப்பாங்கன்னு சொல்லாதீங்க, கோவிச்சுக்கட்டும்.

சொல்லிக் குடுக்கற முறை உங்களுக்கு தெரியாததா. வேலையை துண்டு துண்டா பிரிச்சு, கடைசித் துண்டுலேர்ந்து பின்னாடியே பழக்கிட்டு வருவீங்க இல்ல, சட்டை போட பழக்கறப்ப கடைசிப் பொத்தானை முதல்ல அவங்களை போட வெக்கறது, அப்பதான் வேலையை முடிச்ச திருப்தி அவங்களுக்கு கெடைக்கும். அதையே தோட்டத்துக்கும் பண்ணுங்களேன். தோட்டத்துல கடைசித் துண்டு எது? நீங்க அறுவடைம்பீங்க. வித்த காசை வாங்கி தன் பையில போடறது தான் கடைசி. அங்கேர்ந்து ஆரம்பிங்க. உங்க தோட்டத்துல ஒரு விதை கூட முளைக்கறதுக்கு முன்னாடி, பக்கத்து தோட்டத்துலேர்ந்து காய் வாங்கியாவது சந்தையில உக்கார வைங்க. எண்ண வராதவங்களுக்கு எல்லாமே இருபது ரூபா கட்டா கட்டி குடுங்க, ஒரு கட்டுக்கு அந்த பச்சையும் மஞ்சளுமான நோட்டு ஒண்ணு. விக்கற ருசி தெரிஞ்சவங்க களை எடுக்க தானா வருவாங்க, நீங்க போய் கூப்பிட வேண்டாம்.

வருஷம் பூரா வாங்க ஆள் வேணும்னா மாசச் சந்தா போடுங்க. நம்ம மலைக்கு இது புதுசு இல்ல. இன்னைக்கு மலர்க் கண்காட்சிக்கு அலைமோதற ஊட்டி தாவரவியல் பூங்காவே 1845ல வெள்ளைக்காரங்க ஆளுக்கு மாசம் 3 ரூபா சந்தா கட்டி, காய்கறிக்காக தொடங்கின தோட்டம் தான், மெக்ஐவர்ங்கற தோட்டக்கலை நிபுணர் வந்து பூங்காவா மாத்தினதெல்லாம் 1848க்கு அப்புறம். உங்க ஊர்ல டீச்சர் வீடு, பேங்க்காரர் வீடுன்னு இருபது வீடு கெடைக்காதா? பரிதாபப்பட்டு வாங்கறவங்க வேண்டாம். காய் சொத்தையா இருந்தா திட்டற ஆளுங்களா பாத்து சேருங்க.

என்ன காய் வைக்கலாம்னு கேட்டிருந்தீங்க, மறந்தே போச்சு. முள்ளங்கி வைங்க, 45 நாள்ல கைக்கு வந்திடும். கூடவே பீன்ஸ், விதை பெரிசு, விரலுக்கு பிடிபடும். அடுத்தது பூண்டு. கேரட் இப்போதைக்கு வேண்டாம், விதை ரொம்ப பொடி, அப்புறம் நெருக்கத்தை கலைச்சு விடணும், நூறு நாளுக்கு மேல காத்துட்டு இருக்கணும். மருந்து அடிக்கற பேச்சே எடுக்காதீங்க, டப்பாவுல சிவப்பு முக்கோணம் இருந்தா கொடிய விஷம்னு படிச்சவங்கள்லயே பாதிப் பேருக்கு தெரியாது. முள்ளம்பன்றிக்கு வேலி போடலாம், காட்டெருமைக்கு என்ன பண்றதுன்னு என்னைக் கேக்காதீங்க.

முதல் சந்தை முடிஞ்சதும் எழுதுங்க, எவ்வளவுக்கு வித்துச்சு, அதுல யார் கைக்கு எவ்வளவு போச்சுன்னு பிரிச்சு எழுதுங்க. அப்புறம் அந்த திறப்பு விழாவுக்கு ரிப்பனும் சால்வையும் வாங்க வெச்சிருக்கற காசுல நல்லதா ஒரு தராசு வாங்கிடுங்க.