டீச்சர் சொன்னா மேல கேப்பாங்களா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், அணைக்கட்டு ஒன்றியத்துல மலை மேல ஒரு தொடக்கப்பள்ளியில 14 வருஷமா வேலை பாக்குறேன். என் சித்தி பொண்ணு அமெரிக்காவுல கென்டக்கி மாநிலத்துல டீச்சர். அங்க டீச்சருங்களுக்குன்னே ஒரு ஃபெல்லோஷிப் இருந்துச்சாம், கிளாஸும் எடுத்துக்கிட்டு மாநிலக் கல்விக் கொள்கைக்கும் கருத்து குடுப்பாங்களாம். இங்க நான் சொன்னா யாரு கேப்பாங்க? வாயைத் திறந்தா மெமோ வந்துடுமோன்னு பயமா இருக்கு. வருகைப்பதிவு ஏத்தறதுக்கே தினமும் புளியமரத்துக்கு அந்தாண்ட இருக்குற பாறை மேல ஏறி டவர் தேட வேண்டியிருக்கு.
- ஓர் ஆசிரியை, ஒடுகத்தூர்

பதில்: டீச்சர், உங்க லெட்டரோட கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிச்சேன். நீங்க கொள்கையைப் பத்திக் கேட்டுட்டு, போற போக்குல பாறையைப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கீங்க, எனக்கு என்னவோ அந்தப் பாறைதான் விஷயமே.

முதல்ல உங்க தங்கச்சி சொன்னது என்னன்னு பாத்துடுவோம். ஹோப் ஸ்ட்ரீட் குரூப்னு ஒரு அமைப்பு 2013ல கென்டக்கியில அந்த ஃபெல்லோஷிப்பை ஆரம்பிச்சாங்க, அப்புறம் ஹவாய், நார்த் கரோலினா, டென்னசின்னு வேற சில மாநிலத்துக்கும் போச்சு. இதுக்குத் தேர்வானவங்க ஸ்கூலை விட்டுப் போகல, அவங்க கிளாஸ் அவங்ககிட்டயேதான் இருந்துச்சு. அதோட சேர்த்து தன் பகுதியில இருக்குற மத்த டீச்சருங்ககிட்ட சர்வே எடுத்தாங்க, நாலு பேரா எட்டு பேரா உக்காரவெச்சுப் பேசுனாங்க, வந்த பதிலையெல்லாம் தொகுத்து மாநிலக் கல்வித் துறைக்குக் குடுத்தாங்க. பாஸ்டன்ல ஆரம்பிச்ச டீச் பிளஸ்ஸும் கிட்டத்தட்ட இப்படித்தான், அதுல கூடுதலா சட்டமன்ற உறுப்பினருங்களைப் பாத்துப் பேசறது, மசோதா எப்படி நகருதுன்னு கத்துக்கறது, பேப்பருக்குக் கட்டுரை எழுதறது எல்லாம் சொல்லிக் குடுக்கறாங்க. ஐன்ஸ்டீன் பேருல இன்னொன்னு இருக்கு, அது வேற மாதிரி, அறிவியல் கணக்கு டீச்சருங்க 11 மாசம் கிளாஸை விட்டுட்டு வாஷிங்டன்ல போய் உக்காரணும்.

எனக்கு முதல் வகைதான் பிடிச்சிருக்கு, காரணம் ரொம்ப சாதாரணமானது. கிளாஸ்ல இருக்குறவங்களுக்கு இன்னைக்குக் காலையில நடந்தது தெரியும். ரெண்டு வருஷம் ஆபீஸ்ல உக்காந்துட்டா அந்த ஞாபகம் போயிடும், நல்ல மனுஷங்களுக்குக் கூட.

என் கதை ஒன்னு சொல்றேன். 90கள்ல, வேலூர் ராணிப்பேட்டை திருப்பத்தூர் எல்லாம் ஒரே மாவட்டமா இருந்தப்போ, குடியாத்தம் பக்கம் ஒரு ஸ்கூல்ல நாலாங்கிளாஸ் எடுத்தேன். பாதிப் பசங்க வீட்டுல பீடி சுத்துறவங்க. சாயந்திரம் போனா அம்மா மடியில முறம், பக்கத்துல பொண்ணு மடியில சின்ன முறம், இலை வெட்டுற கத்திரி, விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை. ஒரு பொண்ணு, பரீட்சையில 1000ஐ 25ஆல வகுன்னு குடுத்தா பேப்பரை வெறுமனே திருப்பிக் குடுத்துடும். ஒருநாள் அவங்க வீட்டுத் திண்ணையில உக்காந்துக்கினு சும்மா கேட்டேன், ஆயிரம் பீடியில காண்ட்ராக்டர் முப்பதை சரியில்லைன்னு தள்ளிட்டா எத்தனை கட்டும்மா தேறும்னு. கை நிக்கல அதுக்கு, நூலைச் சுத்திக்கிட்டே "முப்பத்தெட்டு கட்டு சார், இருபது மிச்சம்"னுது. கட்டுக்கு 25, மீதியோட வகுத்தல், அரை நிமிஷம் கூட ஆகல. அந்த வயசுல அந்தக் கணக்கு அதுக்குத் தெரிஞ்சிருக்கவே கூடாதுங்கறது வேற வேதனை, ஆனா தெரிஞ்சிருந்துச்சு, எங்க கணக்குப் புத்தகத்துக்குத்தான் அது தெரியல.

அடுத்து வந்த ஒரு பயிற்சியில எழுந்து நின்னு இதைச் சொன்னேன். எல்லாரும் "அடடா"ன்னாங்க, டீ வந்துச்சு, அடுத்த தலைப்புக்குப் போயிட்டாங்க. யாரும் எழுதிக்கல, நானும் எழுதிக் குடுக்கல. அந்த வருஷம் அந்தத் தெருவுல எத்தனை பசங்க, எந்தக் கணக்கு வாயில வருது, எது பேப்பர்ல வரலன்னு ஒரு பக்கம் எழுதி, பக்கத்து நாலு ஸ்கூல்லயும் அதையே பாக்கச் சொல்லி சேர்த்துக் குடுத்திருந்தா பாடத்துல ஒரு எடுத்துக்காட்டாவது மாறியிருக்கும்னு இன்னைக்கும் தோணுது. அந்த ஃபெல்லோஷிப்ல டீச்சருக்குக் கத்துக் குடுத்த முக்கியமான வேலை இதுதான், தனக்குத் தெரிஞ்சதை இன்னும் பத்து பேருக்குத் தெரிஞ்சதோட சேர்த்து, மேல இருக்குறவங்க தட்டிவிட முடியாத மாதிரி எழுத்துல குடுக்கறது.

அதனால இப்ப உங்க பாறைக்கு வரேன். ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்க. தினமும் எத்தனை மணிக்கு பாறைக்குப் போனீங்க, எத்தனை மணிக்குத் திரும்புனீங்க, அந்த நேரம் பசங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாங்க, மூணே மூணு விஷயம், 30 நாள் எழுதுங்க. பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை பக்கம் உங்களுக்குத் தெரிஞ்ச டீச்சருங்க இருந்தா அவங்களையும் எழுதச் சொல்லுங்க. மாசக் கடைசியில மொத்த நிமிஷத்தைக் கூட்டுங்க. ஒரு நாளைக்கு 20 நிமிஷம்னு வெச்சுக்கிட்டாலும் 200 வேலை நாளைக்கு 4000 நிமிஷம், 66 மணி நேரத்துக்கு மேல, அவ்வளவு நேரம் உங்க பசங்களுக்கு டீச்சர் இல்ல. அதுக்குக் கீழ நீங்க கேக்கறதை ஒரே வரியில எழுதுங்க, டவர் இல்லாத ஊர்ல வருகையை போன்லயே பதிஞ்சு வெச்சு சாயந்திரம் கீழ இறங்குனப்புறம் ஏத்த விடணும்னு. அப்படி எழுதிட்டா யாரும் அதைப் புலம்பல்னு ஒதுக்க முடியாது, அது ஒரு பரிந்துரை. நீங்க ஒரே டீச்சரா இருந்தா அதையும் சேர்த்து எழுதுங்க, 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையில 60 பசங்க வரைக்குமே தொடக்கப்பள்ளிக்கு ரெண்டு டீச்சர்னுதான் இருக்கு.

மெமோ பயம் நியாயமான பயம்தான், அதை நான் லேசா சொல்ல மாட்டேன். 1973 அரசு ஊழியர் நடத்தை விதியில அரசோட கொள்கையைப் பொதுவுல விமர்சனம் பண்ணக் கூடாதுன்னு இருக்கு, அதனால கோவத்துல வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடாதீங்க, 17பின்னு சொல்ற குற்றச்சாட்டு மெமோ வந்துட்டா அதைத் தூக்கிச் சுமக்கறது நீங்க மட்டும்தான். ஆனா தலைப்புல "உரிய வழியாக"ன்னு போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்குக் குடுக்கற குறிப்பு, பக்கத்துப் பள்ளி டீச்சருங்க எல்லாம் கூடற சிஆர்சி (குறுவள மையம்) கூட்டத்துல படிச்சு நடவடிக்கைக் குறிப்புல ஏத்தச் சொல்ற ஒரு பக்கம், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், இதெல்லாம் விதிக்குள்ள வர்ற வழி. நம்ம மாநிலத்துல இப்படி ஒரு ஃபெல்லோஷிப் வந்தா அதுக்கான அரசாணையில முதல்ல இருக்க வேண்டியது, இந்தப் பணியில சொன்ன கருத்துக்காக எந்த ஆசிரியர் மேலயும் ஒழுங்கு நடவடிக்கை கிடையாதுங்கற வரிதான். உதவித்தொகையைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.

கேள்வி: நான் காட்பாடியில பி.எட். படிக்கிறேன். முதலமைச்சர் ஃபெல்லோஷிப்னு ஒன்னு இருக்கே, அது டீச்சருக்கும் உண்டா?
- ஒரு மாணவர்

பதில்: 2022ல வந்த அந்தத் திட்டம் 22லருந்து 30 வயசு வரைக்கும் இருக்குற பட்டதாரிங்களுக்கு, சில பிரிவுக்கு வயசுத் தளர்வு உண்டு. அரசுத் துறைங்களோட ரெண்டு வருஷம் வேலை செய்யணும், திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் அதுல கூட இருக்காங்க. நல்ல திட்டம்தான் தம்பி, ஆனா பாடம் எடுத்துக்கிட்டு இருக்குற டீச்சருக்குன்னு அமைச்சது இல்ல. தகுதி இருந்தா எழுதிப் பாருங்க, அதுக்கு முன்னாடி டீச்சிங் பிராக்டிஸ்ல இருக்குற ஒவ்வொரு நாளையும் ஒழுங்கா எழுதி வைங்க.

கேள்வி: அந்தக் காலத்துல டீச்சருங்க ஓட்டுப் போட்டே எம்.எல்.சி. அனுப்புனாங்கன்னு பேரன்கிட்ட சொன்னா நம்ப மாட்டேங்கறான். நீங்க சொல்லுங்க.
- ஓய்வு பெற்ற தமிழாசிரியர், வாலாஜாபேட்டை

பதில்: ஐயா, நீங்க சொல்றது சரி. அரசியலமைப்புச் சட்டம் 171ஆவது பிரிவுப்படி சட்ட மேலவை உறுப்பினர்ல, அதாவது எம்.எல்.சி.க்கள்ல, பன்னிரண்டுல ஒரு பங்கு ஆசிரியர் தொகுதியிலருந்து வரணும். தமிழ்நாட்டு மேலவையை 1986ல எடுத்துட்டாங்க, அதோட அந்த இடமும் போச்சு. ஆனா ஒரு குறையையும் சொல்லணும், அதுல ஓட்டு உயர்நிலைப் பள்ளியும் அதுக்கு மேலயும் வேலை பாக்குறவங்களுக்கு மட்டும்தான், ஒன்னாங்கிளாஸ் எடுக்கற டீச்சருக்கு அப்பவும் ஓட்டு இல்ல. பேரன்கிட்ட இன்னொன்னும் சொல்லுங்க, உங்க வாலாஜாவுலயும் வேலூர் ஊரிஸ் காலேஜுலயும் படிச்ச டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்தான் 1948ல பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைவரானார், பாடம் எடுத்த மனுஷன் கொள்கை எழுதுன கதை நம்ம பக்கத்துலயே இருக்கு.

கேள்வி: பேரணாம்பட்டுல எங்க ஸ்கூல் மேலாண்மைக் குழுவுல நான் இருக்கேன். டீச்சருங்க கொள்கை கிள்கைன்னு சென்னைக்கு மீட்டிங் போயிட்டா எம்புள்ளைங்களுக்கு யாருங்க பாடம் எடுப்பா? ஏற்கெனவே ட்ரெயினிங் ட்ரெயினிங்னு போய்க்கினே இருக்காங்கோ.
- ஒரு தாய்

பதில்: அம்மா, இவ்வளவு நேரம் நான் பேசுனதுக்கெல்லாம் சரியான எதிர்க்கேள்வி உங்களோடது. உங்க கோவம் நியாயம். மாத்து டீச்சர் போடாம ஒருத்தரைக் கூப்பிட்டுக்கிட்டுப் போனா அது எவ்வளவு பெரிய கமிட்டியா இருந்தாலும் தப்புதான்.

ஆனா அவங்க போகலன்னாலும் நஷ்டம் உங்க பிள்ளைக்குத்தான். செயல்வழிக் கற்றல் கேள்விப்பட்டிருப்பீங்க, அட்டை எடுத்து எடுத்துப் படிப்பாங்களே. சித்தூர் தாண்டி மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலியில செஞ்சுக்கிட்டு இருந்ததை சென்னை மாநகராட்சி டீச்சருங்க போய்ப் பாத்துட்டு வந்து, தாங்களே உக்காந்து அட்டை தயாரிச்சாங்க, 2003ல 13 ஸ்கூல்ல தொடங்குனது கொஞ்ச வருஷத்துல மாநிலம் முழுக்க வந்துச்சு. அதுல குறையும் இருந்துச்சு, ஒரே நேரத்துல எல்லா ஊருக்கும் அனுப்பிட்டாங்க, அட்டை செஞ்ச கைக்குத் தெரிஞ்ச காரணம் அட்டையை வாங்குன கைக்குத் தெரியல. கீழ இருக்குற டீச்சரை நடுவுலயும் கேட்டிருந்தா சரி பண்ணியிருக்கலாம். மாநிலக் கல்விக் கொள்கையை 2025 ஆகஸ்ட்டுல வெளியிட்டாங்களே, நீதிபதி முருகேசன் குழு அதுக்கு முன்னாடி கருத்து கேட்டாங்க, நல்லதுதான். ஆனா கொள்கை வந்ததுக்கு அப்புறம் உங்க தெருவுல அது எப்படி நடக்குதுன்னு வருஷா வருஷம் கேக்கறதுக்கு ஆள் வேணும், அது உருது மீடியம் டீச்சராவும் இருக்கணும், மலை ஸ்கூல் டீச்சராவும் இருக்கணும்.

சென்னைக்குப் போயே ஆகணும்னும் இல்லம்மா. மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை அவங்கவங்க ஒன்றியத்துலயே உக்காரலாம். உங்க கையிலயும் ஒன்னு இருக்கு, சட்டப்படி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசிப் பேர் பெத்தவங்கதான், நீங்க தீர்மானம் போட்டா அது ஏட்டுல ஏறும். இந்த வருஷம் உங்க டீச்சருங்க எத்தனை நாள் பயிற்சிக்கும் கூட்டத்துக்கும் போனாங்க, அந்த நாள்ல கிளாஸை யாரு பாத்தாங்கன்னு வருகைப் பதிவேட்டை வெச்சு அடுத்த கூட்டத்துலயே எண்ணிப் பாருங்க. எண்ணிட்டு எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்க.