லென்ஸ் அப்புறம், முதல்ல ஜன்னல் பக்கம் போங்க

கேள்வி: வீட்ல இருக்கிற சாமான்களை வச்சே மேக்ரோ போட்டோ, அதாவது சின்னப் பொருளைக் கிட்டப் போய் பெருசாக் காட்டுற படம், எடுக்கணும்னு ஒரு வாரமா ஃபோன்ல முயற்சி பண்றேன். எல்லாம் மங்கலா, சப்புன்னு வருது. மேக்ரோ லென்ஸ் வாங்காம இது நடக்காதா?

பதில்: நடக்கும். லென்ஸ் மேல பழி போடாதீங்க. ஒரு வாரம் முயற்சி பண்ணதா எழுதியிருக்கீங்க, ஆனா எதை எடுத்தீங்க, வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கூட இல்ல, கோளாறு அங்கதான் இருக்கு. டச்சுக்காரர் லீவன்ஹுக் தானே செஞ்ச மைக்ரோஸ்கோப்புல பார்த்து 1676-ல பாக்டீரியாவைப் பத்தி எழுதினாரே, அதுல இருந்தது குன்னிமணியை விட சின்னதா ஒரே ஒரு லென்ஸ். மிச்சமெல்லாம் பொறுமையும் வெளிச்சமும்தான்.

மங்கலுக்கு முக்கியமா ரெண்டு காரணம். பொருளை இடிக்கிற மாதிரி ஃபோனைக் கொண்டு போனா ஃபோகஸ் பிடிக்காது, கொஞ்சம் பின்னாடி வந்து எடுத்துட்டு கிராப் பண்ணுங்க. இன்னொன்னு ஆட்டம். பெரிய கேமராவுல பொருளோட அசல் அளவுக்கே சென்சார்ல விழுற மாதிரி எடுத்தா லென்ஸ் துவாரத்தை எஃப் 8 அளவுக்குச் சின்னதாக்கினா கூட ஷார்ப்பா இருக்கிற ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர்தான், நீங்க மூச்சு விடும்போது கை ஆடுறதே அதை விட அதிகம். ஃபோன்ல இந்த ஆழம் இன்னும் கொஞ்சம் கூட கிடைக்கும், இருந்தாலும் கையில பிடிக்காம நாலு புத்தகத்துல சாய்ச்சு வச்சு 2 செகண்ட் டைமர் போடுங்க.

சப்புன்னு வர்றதுக்குக் காரணம் தலைக்கு மேல எரியுற லைட். அதை அணைச்சுட்டு ஜன்னல் பக்கம் வாங்க, ஒரு பக்கம் ஜன்னல், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை பேப்பர், அவ்ளோதான். ஒரு ஸ்பூன் விளிம்பு கூட உருண்டு திரண்டு தெரியும்.

இப்ப நான் ஆசையா சொல்ல வந்த விஷயம். லேப்டாப் எல்சிடி ஸ்கிரீன்ல வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்னைத் திறந்து பிரைட்னஸை முழுசா வைங்க, ரூமை இருட்டாக்குங்க, ஸ்கிரீன் முன்னாடி கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் ஸ்கேலை நிறுத்தி, போலரைஸ்டு கூலிங் கிளாஸை ஃபோன் கேமராவுக்கு முன்னாடி பிடிச்சு மெதுவா திருப்பிக்கிட்டே வாங்க. ஒரு இடத்துல ஸ்கிரீன் கருப்பாயிடும், ஸ்கேல் மட்டும் வரி வரியா வானவில் நிறத்துல ஜொலிக்கும்! எல்சிடியிலேர்ந்து வர்ற வெளிச்சம் ஒரே திசையில அதிர்றது, அதை கூலிங் கிளாஸ் தடுத்துடுது, ஆனா அச்சுல வார்த்தப்போ பிளாஸ்டிக்குள்ள தங்கிப்போன இறுக்கம் அந்தத் திசையை மாத்திவிடுறதால ஸ்கேல் வழியா வர்றது மட்டும் தப்பிச்சு வருது. ஓட்டையைச் சுத்தி, மூலையில எல்லாம் நிறம் நெருங்கி நெருங்கி இருக்கும், கிட்ட போய் எடுக்க வேண்டியது அங்கதான். இன்ஜினியருங்க பிளாஸ்டிக் மாடல்ல அழுத்தம் எங்க சேருதுன்னு பார்த்ததும் இதே முறையிலதான்.

தண்ணித்துளிக்குள்ள படம் தெரியணும்னா பின்னாடி வைக்கிற படத்தைத் தலைகீழா வைங்க, துளி அதை நேராக்கிக் காட்டும். தண்ணியில ரெண்டு சொட்டு கிளிசரின் கலந்தா துளி சீக்கிரம் காயாது.

இந்த வாரம் ஸ்கேல் ஒன்னை மட்டும் 30 படம் எடுங்க. அதுல ஒன்னை எனக்கு அனுப்புங்க, இந்தத் தடவை வெளிச்சம் எங்கேர்ந்து வந்துச்சுன்னும் சேர்த்து எழுதுங்க.

- ஆசிரியர்