கட்டின பல், கழன்ற பல், கறைப் பல்: காரைக்குடிப் பக்கத்துக் கேள்விகள்

பலகாரச் சீசன் முடிந்த கையோடு பல் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, ஊர்ப் பெயர் மட்டும் வைத்துப் பதில் எழுதுகிறேன்.

போன வருஷம் கடவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்தேன். வலி போய்விட்டதால் பல்லை மூடுகிற உறையான கேப் போடவில்லை. இப்போது சீப்புச் சீடை கடித்தபோது ஒரு பக்கம் உடைந்து வந்துவிட்டது. பல்லை எடுத்துத்தான் ஆக வேண்டுமா? (தேவகோட்டை)

எடுத்துத்தான் ஆகணும் என்றில்லை ஆச்சி, ஆனால் தள்ளிப் போடாதீர்கள். ரூட் கெனால் செய்த பல்லில் ஏற்கெனவே சொத்தை தின்றது போக, வேருக்குள் போவதற்காகப் பல் டாக்டர்களாகிய நாங்கள் நடுவிலும் குடைந்திருப்போம். மிஞ்சியது நாலு பக்கச் சுவர்தான். நடுவில் பிடிமானம் இல்லாததால் கடிக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தச் சுவர்கள் வெளிப்பக்கமாக விரியப் பார்க்கும், ஒரு நாள் சீடையோ எலும்போ மாட்டும்போது விட்டுவிடும். வலி இல்லை என்பதை வைத்துப் பல் பலமாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள், உள்ளே நரம்பை எடுத்த பிறகு வலி எங்கிருந்து வரும்? கடவாயில் ரூட் கெனால் என்றால் கேப்பும் சேர்ந்ததுதான் வைத்தியம், அதைச் செய்கிற அன்றைக்கே டாக்டர்கள் அழுத்திச் சொல்ல வேண்டும்.

இப்போது பார்க்க வேண்டியது உடைப்பு எங்கே நிற்கிறது என்று. ஈறுக்கு மேலே சுற்றிலும் ஒரு 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது நல்ல பல் மிச்சமிருந்தால், உள்ளே ஊன்றுகோல் மாதிரி ஒரு போஸ்ட் வைத்து, மேலே கட்டி, கேப் போட்டுக் காப்பாற்றலாம். விரிசல் வேர் வரைக்கும் நெடுக இறங்கியிருந்தால் மட்டும் எடுக்க வேண்டியதுதான். அதுவரை அந்தப் பக்கம் மெல்லாதீர்கள்.

எந்த கேப் என்று அடுத்து கேட்பீர்கள். சிரித்தால் தெரியாத கடைசிப் பல்லுக்கு முழு உலோக கேப் இன்றைக்கும் அருமையான சாமான், பல்லைக் குறைவாகத்தான் ராவ வேண்டியிருக்கும். வெள்ளையாக வேண்டுமென்றால் ஜிர்கோனியா என்கிற கெட்டியான பீங்கான் வகை. உலோகத்துக்கு மேல் பீங்கான் பூசின கேப் விலை குறைவு, ஆனால் முறுக்கு, சீடை கடிக்கிற வாயில் பீங்கான் சில்லு பெயர்வதுண்டு, வருஷம் போகப் போக ஈறு ஓரத்தில் கறுப்புக் கோடும் தெரியலாம்.

வயது 58, சர்க்கரை இருக்கிறது. கீழ்ப்பல் ஒன்று எடுத்து ரெண்டு வருஷம் ஆகிறது. ஒருவர் பிரிட்ஜ் என்கிறார், ஒருவர் இம்ப்ளான்ட் என்கிறார். இம்ப்ளான்ட் புதுசா வந்த வைத்தியம் என்பதால் பயமாக இருக்கிறது. (பள்ளத்தூர்)

புதுசு இல்லை அண்ணே. இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்பில் வைக்கிற டைட்டானியம் திருகு, அதன் மேல்தான் பல் மாட்டுவோம். டைட்டானியம் எலும்போடு ஒட்டி வளர்கிறது என்று கண்டுபிடித்தவர் பிரோனமார்க் என்ற ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர், முதல் நோயாளிக்கு 1965-லேயே வைத்துவிட்டார். அந்த நோயாளி அதே திருகுகளோடுதான் 40 வருஷம் சாப்பிட்டு வாழ்ந்தார்.

எனக்கு முக்கியமாகப் படுவது உங்கள் பக்கத்துப் பற்கள் எப்படி இருக்கின்றன என்பதுதான். பிரிட்ஜ் என்றால் இரண்டு பக்கப் பல்லையும் சுற்றிலும் ராவி, அவற்றின் மேல் மூன்று பல் சேர்ந்தாற்போல மாட்ட வேண்டும். அந்த இரண்டும் சொத்தையே இல்லாத நல்ல பல் என்றால், போன ஒன்றுக்காக இருக்கிற ரெண்டைக் குறைக்க எனக்கு மனசு வராது, இம்ப்ளான்ட் பக்கம்தான் நிற்பேன். அவை ஏற்கெனவே பெரிய ஃபில்லிங்கோடு, எப்படியும் கேப் போட வேண்டிய நிலையில் இருந்தால் பிரிட்ஜே சரி, சீக்கிரமும் முடியும்.

சர்க்கரை இருக்கிறது என்பதற்காக இம்ப்ளான்ட் கூடாது என்றில்லை, கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். சர்க்கரையின் மூன்று மாத சராசரி டெஸ்ட் (HbA1c) எடுத்து, 7-ஐ ஒட்டி இருந்தால் தைரியமாகப் போகலாம், 9, 10 என்று நின்றால் முதலில் அதை இறக்கிவிட்டு வாருங்கள். ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டிருக்கிறீர்களா, இந்த ரெண்டையும் கேட்காவிட்டாலும் நீங்களே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். புகையிலை போடுவதாக இருந்தால் இம்ப்ளான்ட் தோற்க வாய்ப்பு கூடும். திருகு வைத்து எலும்பு பிடிக்கக் கீழ்த்தாடையில் சுமார் மூன்று மாதம் பொறுக்க வேண்டும், அதன் பிறகுதான் மேலே பல்.

சந்தைப் பக்கம் ஒருவர் அரை மணி நேரத்தில் முன்பல் கட்டிக் கொடுத்தார், செலவும் ரொம்பக் கம்மி. ஆறு மாதமாக வாய் நாறுகிறது, ஈறு வீங்குகிறது. (திருப்பத்தூர்)

தம்பி, இதைப் படித்ததும் கிளம்பிப் போய் ஒரு பல் டாக்டரிடம் காட்டுங்கள். இப்படிக் கட்டுகிறவர்கள் செய்வது ஒன்றுதான்: கடையில் வாங்கின பிளாஸ்டிக் பல்லைப் பக்கத்துப் பற்களோடு கம்பியால் கட்டி, மேலே ரோஸ் கலர் அக்ரிலிக் பசையைப் பிசைந்து அப்பி இறுகவிட்டுவிடுவார்கள். கழற்ற முடியாது, பிரஷ்ஷும் உள்ளே போகாது. அதை வெட்டி எடுக்கும்போது பார்த்தால் தெரியும், அடியில் மாதக்கணக்காக அடைந்த சோறு மஞ்சளாய்க் குழைந்து கிடக்கும், ஈறு தொட்டாலே ரத்தம் கசியும், கட்டுவதற்கு முன்பு கல் மாதிரி இருந்த பக்கத்துப் பல் ஆடிக்கொண்டிருக்கும். ஒரு பல் போய் வந்தவர் மூன்று பல் இல்லாமல் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

நீங்களே நெம்பி எடுக்காதீர்கள், பக்கத்துப் பல்லும் சேர்ந்து வந்துவிடும். செலவுதான் தயக்கம் என்றால், கழற்றி மாட்டுகிற ஒற்றைப் பல் செட் முறையான கிளினிக்கிலேயே கட்டுப்படியாகும். புதுக்கோட்டையில் 2023-ல் தொடங்கின அரசு பல் மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கம், அங்கேயும் விசாரியுங்கள்.

ஆத்தாவுக்கு 76 வயது. மேல் செட் நிற்கிறது, கீழ் செட் பேசும்போதே கிளம்பி வருகிறது. (கானாடுகாத்தான்)

கீழ் செட் எல்லோருக்கும் சிரமம்தான், மேலே அண்ணம் முழுக்கப் பிடித்துக்கொள்ள இடம் இருக்கிறது, கீழே நாக்கு தள்ளிக்கொண்டே இருக்கும். பல் போன எலும்பு வருஷா வருஷம் தேய்வதால் முன்பு பொருந்தின செட் இப்போது தொளதொளக்கும். செட் நன்றாக இருந்தால் அடிப்பக்கத்தை மட்டும் புதிதாக அளவெடுத்து நிரப்பலாம், ரீலைனிங் என்று கேளுங்கள். உடம்பு ஒத்துழைத்தால் முன்பக்கம் ரெண்டே ரெண்டு இம்ப்ளான்ட் வைத்து, அதன் மேல் பட்டன் மாதிரி செட்டை அமுக்கி மாட்டலாம், இட்லியைத் தாண்டி ஆத்தா இன்னும் பல சாமான் சாப்பிடுவார்கள். ராத்திரி கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போடச் சொல்லுங்கள், வெந்நீர் வேண்டாம், வளைந்துவிடும்.

மகளுக்கு இன்னும் ஒன்றரை மாதத்தில் கல்யாணம். முன்பல் மஞ்சள், நடுவில் இடைவெளி. வினீர் போடலாமா? (காரைக்குடி)

22, 23 வயதுப் பிள்ளையின் நல்ல பல்லை ராவி, வினீர் என்கிற மெல்லிய தகட்டை முன்னால் ஒட்ட அவசரப்படாதீர்கள். ராவின எனாமல் திரும்ப வளராது, அந்தப் பல்லுக்கு வாழ்நாள் முழுக்க ஏதாவது மேலே ஒட்டிக்கொண்டேதான் இருக்க வேண்டும். முதலில் ஸ்கேலிங், அதாவது பல்லில் படிந்ததைச் சுரண்டிச் சுத்தம் செய்வது, பாதிக் கறை அதிலேயே போய்விடும். அப்புறம் வேண்டுமானால் டாக்டர் மேற்பார்வையில் ப்ளீச்சிங், அது முடிந்து ரெண்டு வாரம் விட்டு இடைவெளிக்குப் காம்போசிட் என்கிற பல் நிறப் பிசின் ஒட்டலாம், பெரும்பாலும் பல்லை ராவாமலே ஒரே நாளில் முடிந்துவிடும். இந்த வரிசையை மாற்றக்கூடாது. காம்போசிட்டும் கேப்பும் ப்ளீச்சில் வெளுக்காது என்பதால் முதலில் ஒட்டிவிட்டால் நிறம் ரெண்டுபட்டு நிற்கும், தவிர ப்ளீச் செய்த உடனே ஒட்டினால் பிடிமானமும் குறையும். ஒன்றரை மாதம் இதற்குத் தாராளம்.

பழைய வெள்ளி ஃபில்லிங்கில் பாதரசம் இருக்கிறதாமே, எடுத்துவிடவா? (குன்றக்குடி)

பாதரசம் இருப்பது உண்மைதான், ஆனால் ஃபில்லிங் கெட்டியாக நிற்கிறது என்றால் தொடாதீர்கள். குடைந்து எடுக்கும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வரும், நல்ல பல்லும் கொஞ்சம் போகும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2025 முதல் இந்த ஃபில்லிங்கை நிறுத்தியதுகூடப் பெரும்பாலும் சுற்றுச்சூழலுக்காகத்தான், வாயில் இருப்பதைத் தோண்டி எடுக்கச் சொல்லவில்லை. ஓரம் உடைந்தாலோ அடியில் மறுபடி சொத்தை வந்தாலோ அப்போது காம்போசிட்டுக்கு மாறிக்கொள்ளலாம்.