கேளுங்கோ, சொல்லுறன்: 30 நிமிசம் ஓடியாச்சு, இனி?

கேள்வி: அக்கா, நான் கிளிநொச்சி, வயசு 34. போன்ல வாற 9 கிழமை ஓட்டப் பயிற்சிய முடிச்சிட்டன். நிக்காம 30 நிமிசம் ஓடுறன், ஆனா 3.8 கிலோமீற்றர் தான் வருது. 30 நிமிசத்தில 5 ஓடோணும் எண்டு இப்ப ஒவ்வொரு நாளும் வேகமா ஓடிப் பாக்கிறன், ரெண்டாவது கிலோமீற்றரிலயே மூச்சு வாங்கி நிண்டிடுறன், முன்னங்கால் எலும்பும் நோகுது. சந்தியில சனம் பாக்குதெண்டு இன்னும் கெதியாப் போறன் போல. என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, முதல் கிழமை 1 நிமிசம் ஓடிப்போட்டு நடந்த ஆள் இண்டைக்கு 30 நிமிசம் ஓடுறீங்கள், அது பெரிய விசயம். நீங்கள் இப்ப ஓடுறது கிலோமீற்றருக்கு 8 நிமிசம், அந்த வேகத்தில 5 கிலோமீற்றருக்கு 40 நிமிசம் தான் வேணும். அப்ப உங்களுக்கு இன்னும் 10 நிமிசம் தான் பாக்கி. முதல் தூரத்தப் பிடியுங்கோ, வேகம் பிறகு.

கிழமைக்கு 3 நாள் காணும். ஞாயிறு காலமை நீட்டு ஓட்டம், கிழமைக்கு 5 நிமிசம் மட்டும் கூட்டுங்கோ, 35, 40, 45 எண்டு போய் நாலாம் கிழமை திரும்ப 30க்கு இறக்குங்கோ. இன்னொரு நாள் சும்மா 30 நிமிசம். இந்த ரெண்டும் கதைச்சுக்கொண்டு ஓடுற வேகத்தில இருக்கோணும். நானும் மச்சாளும் இரணைமடுக் குளக்கட்டில ஓடேக்க அவ முதல்நாள் கலியாண வீட்டுக் கதை சொல்லிக்கொண்டு வருவா, ஒரு வசனம் முடிக்க முன்னம் மூச்சுக்கு நிப்பாட்டினா எண்டா ரெண்டு பேரும் ஸ்பீட் குறைப்பம், அவ்வளவு தான் எங்கட மீற்றர். மெதுவா ஓடேக்கயும் இதயம் ஒரு துடிப்புக்குக் கூடுதலா ரத்தம் தள்ளப் பழகுது, தசைக்குள்ள சின்னச் சின்ன ரத்தக் குழாய் கூடுது.

மூண்டாவது நாள் தான் வேகத்துக்கு. 10 நிமிசம் மெதுவா ஓடி உடம்பு சூடானாப் பிறகு ஒரு கரண்ட் போஸ்ட்டில இருந்து அடுத்த போஸ்ட் மட்டும் கெதியா, அதுக்கு அடுத்தது மட்டும் நடை, இப்பிடி 6 தரம். சுவீடன்காரர் இத ஃபார்ட்லெக் எண்டு சொல்லுவினம், வேக விளையாட்டு எண்டு அர்த்தம். உயிரை விட்டு ஓட வேண்டாம், கடைசித் தரமும் முதல் தரம் மாதிரி ஓட ஏலோணும்.

கால் நோவ லேசா எடுக்காதேங்கோ. மூச்சு சில கிழமையில பழகிடும், எலும்பும் தசைநாரும் பழக மாசக்கணக்கு எடுக்கும், நீங்கள் ஒவ்வொரு நாளும் வேகமா ஓடினதால தான் இது வந்திருக்கும். நோ போகுமட்டும் ஓடாதேங்கோ. விரலால அமத்தேக்க ஒரே இடத்தில குத்தினா, இல்லாட்டி நடக்கேக்கயும் நொந்தா, ஆஸ்பத்திரியில காட்டுங்கோ, எலும்பில கீறல் விழுந்திருக்கக் கூடும்.

சந்தி மட்டும் நடந்தே போங்கோ, அதுவே வாம் அப். ஓட்டத்த வாய்க்கால் கரையில தொடங்குங்கோ. பாக்கிற சனம் ரெண்டு மாசத்தில பழகிடும், எங்கட பக்கத்தில இப்ப ரெண்டு பெட்டையள் கூட வாறாளுகள், எனக்கு அது சரியான சந்தோசம். வெயில் ஏற முன்னம் முடிச்சிடுங்கோ, சூட்டில ரத்தம் தோலக் குளிராக்கப் போறதால அதே வேகத்துக்கு இதயம் கூட அடிக்கும், அந்த நாளில ரைம் பாக்காதேங்கோ.

கேள்வி: முல்லைத்தீவுக் கடற்கரை மணலில ஓடினா ஸ்டமினா கூடுமோ அக்கா? வயசு 19.

பதில்: கூடும் தம்பி, ஆனா காஞ்ச மணலில குதிக்கால் புதையும், கெண்டைக்கால் கெதியா இறுகிப் பிடிக்கும். அலை நனைச்ச இறுகின மணலில 10 நிமிசத்தில தொடங்குங்கோ. கரை சரிவு, கடல் பக்கக் கால் எப்பவும் பள்ளத்தில தான் விழும், அதால போன வழியாலயே திரும்பி வாங்கோ, ரெண்டு காலுக்கும் சமனா வரும்.