ஆடிட் நாளில் மட்டும் வரும் மாஸ்க்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 14 வருடமாக செக்கிங் பிரிவில் இருக்கிறேன். மகள் சட்டம் முடித்துவிட்டு பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். என்ன வேலை என்று கேட்டால், "வெளிநாட்டு பிராண்டுகளுக்குத் துணி தைக்கிற இடங்களில் மனித உரிமை மீறல் நடக்கிறதா என்று பார்க்கிறோம் அம்மா" என்கிறாள். எங்கள் கம்பெனிக்கும் ஆடிட் வருகிறது. அன்றைக்கு மட்டும் எல்லோருக்கும் மாஸ்க் கிடைக்கும். ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் வாங்குவதாகச் சொல்லச் சொல்வார்கள், நாங்களும் சொல்லிவிடுவோம். வெளிநாட்டுச் சட்டத்தைப் படித்து என் மகளால் எங்களுக்கு என்ன செய்ய முடியும்?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரி, கோவையில் 22 ஆண்டுகளாகத் தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறேன். நீங்கள் சொல்லும் மாஸ்க்கை நானும் பார்த்திருக்கிறேன். ஆடிட் சான்றிதழை நம்பி ஒரு முடிவுக்கு வரக்கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகக் கொடிய உதாரணம் கராச்சியில் நடந்தது. உங்கள் மகளும் அதைப் படித்திருப்பாள்.

2012 செப்டம்பர் 11. கராச்சியின் பல்தியா டவுனில் அலி என்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை எரிந்தது. 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகளில் பூட்டு. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்.ஏ. 8000 என்ற, தொழிலாளர் நலனுக்கான சர்வதேசத் தரச் சான்றிதழ் கிடைத்திருந்தது. தீ வைத்தது பணம் பறிக்கும் கும்பல் என்று 2020-ல் அங்குள்ள நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீ எப்படிப் பிடித்திருந்தாலும், கதவு திறந்திருந்தால் இத்தனை பேர் செத்திருக்க மாட்டார்கள்.

அந்த ஆலையின் பெரிய வாடிக்கையாளர் மலிவு விலை ஆடைகள் விற்கும் ஜெர்மனியின் கிக் நிறுவனம். உயிர் தப்பிய ஒருவரும் பிள்ளைகளை இழந்த குடும்பங்களும், பெர்லினிலிருந்து இயங்கும் மனித உரிமை வழக்கறிஞர் அமைப்பு ஒன்றின் உதவியோடு 2015-ல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மொத்தம் நான்கு பேர், ஆளுக்கு 30,000 யூரோ இழப்பீடு கேட்டார்கள். 2019 ஜனவரியில் வழக்கு தள்ளுபடியானது. கிக் குற்றமற்றது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. பாகிஸ்தான் சட்டப்படி வழக்குப் போடுவதற்கான காலவரம்பு முடிந்துவிட்டது, அவ்வளவுதான். அந்தத் தீர்ப்பைப் பற்றிப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜெர்மனியில் நடக்கும் வழக்குக்கும் விபத்து நடந்த நாட்டின் சட்டம்தான் கணக்கு என்பதை முதல் மாதமே யோசித்து, நாளை எண்ண ஆள் வேண்டும். உங்கள் மகளின் வேலையில் இதுவும் உண்டு.

ஆனாலும் அந்தப் போராட்டம் வீணாகவில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2016-ல், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முன்னிலையில் 51.5 லட்சம் டாலர் தர கிக் ஒப்புக்கொண்டது.

சரி, நம் ஊருக்கு வருவோம். 2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தில் ஏற்றுமதி ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த தலித் இளம்பெண் கொலை செய்யப்பட்டார். மேற்பார்வையாளர் கைதானார். கொலைக்கு முன்பே அவருடைய தொல்லை இருந்தது என்று குடும்பமும் சங்கமும் சொன்னார்கள். அதன்பின் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் நின்றது. 2022 ஏப்ரலில் அந்த ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும், அங்கே துணி வாங்கிய ஸ்வீடன் பிராண்டான எச் அண்ட் எம்மும் அந்தச் சங்கத்தோடும் அதற்குத் துணை நின்ற அமைப்புகளோடும் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று உலகம் முழுக்கச் சொல்வது இதைத்தான். பின்னர் அமெரிக்க ஆடை நிறுவனங்களான கேப், பி.வி.எச். ஆகியவையும் சேர்ந்தன.

அதில் என்ன புதுசு என்றால், "நாங்கள் மனித உரிமையை மதிக்கிறோம்" என்று இணையதளத்தில் போடும் அறிக்கை இல்லை அது. கையெழுத்துப் போட்டவரைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். ஆலை மீறினால் அதன் வியாபாரம் பாதிக்கும்படி பிராண்ட் நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்று அதில் எழுதினார்கள். இன்னொன்று, லைனில் நடப்பதைப் பார்த்துச் சொல்ல, வேலை செய்யும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். வருடத்தில் ஒருநாள் வரும் ஆடிட்டரிடம் வாய் திறக்காத பெண், பக்கத்து மெஷின் அக்காவிடம் சொல்வாள். இப்படி ஒரு வாசகத்தை எழுதி, பிராண்டின் வக்கீல்களோடு மல்லுக்கட்டிக் கையெழுத்து வாங்குவதும் சட்ட வேலைதான். அதற்கு உங்கள் மகளைப் போல, ஓ.டி. என்றால் என்ன என்று வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர்கள் வர வேண்டும்.

அவள் யாருக்காக வேலை செய்கிறாள் என்றும் கேளுங்கள். பிராண்டுக்கு ஆலோசனை சொல்லும் அலுவலகமா, தொழிலாளருக்காக நிற்கும் அமைப்பா? முதலாவதிலும் நல்லது செய்யலாம். ஆனால் ஃபீஸ் தருவது பிராண்ட் என்பதை அவள் மறந்துவிடக் கூடாது.

அப்புறம் உங்களுக்கு ஒரு வார்த்தை. ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் என்பது நம் நாட்டுச் சட்டம், அதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. தேதி போட்டு ஒரு நோட்டில் எத்தனை மணி வரை இருந்தீர்கள் என்று எழுதுங்கள். சம்பளச் சீட்டை எறியாதீர்கள். பெட்டியில் ஒட்டும் லேபிளில் எந்த பிராண்ட் என்று குறித்து வையுங்கள். ஒரு நூற்பாலை, "இந்தப் பெண் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை" என்று சாதித்த வழக்கில், என் கட்சிக்காரரைக் காப்பாற்றியது அவர் பத்திரமாக வைத்திருந்த ஹாஸ்டல் மெஸ் கார்டு.

கேள்வி: ஜெர்மனிக்குப் போர்வை, திரைச்சீலை அனுப்பும் ஊர் எங்களுடையது. அங்கே வந்திருக்கும் புதுச் சட்டத்தின்படி நாமே அங்கு வழக்குப் போடலாமா?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: பொருள் வாங்கும் இடங்களில் மனித உரிமை மீறல் நடக்காமல் நிறுவனங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிற அந்தச் சட்டம், 2023 ஜனவரி முதல் ஜெர்மனியில் குறைந்தது 3,000 பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கும், 2024 முதல் குறைந்தது 1,000 பேர் உள்ளவற்றுக்கும் வந்தது. தனியாக நஷ்டஈடு கேட்கும் உரிமையை அது புதிதாகத் தரவில்லை. ஆனால் அந்த நிறுவனம் ஒரு புகார் வழி வைத்திருக்க வேண்டும், அதில் கரூர்த் தறித் தொழிலாளியும் புகார் சொல்லலாம். அது தவிர, இந்தச் சட்டத்தைக் கண்காணிக்கும் பாஃபா என்ற ஜெர்மன் அரசு அலுவலகத்துக்கும் புகார் அனுப்பலாம். இதே போல ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான விதி 2024 ஜூலையில் வந்தது, அடுத்த ஆண்டே அதை அமலாக்கும் தேதியைத் தள்ளிவைத்துவிட்டார்கள். எனக்கு அதில் மிகுந்த வருத்தம். இருக்கிற வழியை இப்போதே பயன்படுத்துங்கள். புகாரைச் சங்கத்தின் பெயரில் அனுப்புங்கள், தனி ஆளின் பெயர் வெளியே தெரிந்தால் முதலில் போவது அவருடைய வேலை.