கடல் சிங்கத்தை நேர்ல பாத்து போட்டோ எடுத்திருக்கீங்களா? எங்க போகலாம், எப்படி எடுக்கலாம்?

எடுத்திருக்கேன். அக்கா வீடு அமெரிக்காவுல கலிபோர்னியா பக்கம் சான் டியாகோல, அதனால அங்க இருக்கிற லா ஹோயா கோவ்ங்கிற கடற்கரைக்கு ரெண்டு மூணு தடவை போயாச்சு. கூண்டு இல்ல, டிக்கெட் இல்ல, ரோட்டை ஒட்டின நடைபாதைல நின்னாலே கீழ பாறை பூரா படுத்துக் கிடக்கும். ஆனா கண்ணுல படுறதுக்கு முன்னாடியே வாடை வந்துடும், கருவாட்டு மூட்டைக்குள்ள தலைய விட்ட மாதிரி. அக்கா பொண்ணு கார விட்டு இறங்கவே மாட்டேன்னுட்டா.

பாதிப் பேர் இதை சீல்னு நினைச்சுக்கிறாங்க. சின்னதா காது மடல் வெளிய தெரிஞ்சு, முன் துடுப்ப ஊனி நடந்துச்சுன்னா கடல் சிங்கம். சீல் வயித்தாலயே நகரும், பக்கத்துல சில்ட்ரன்ஸ் பூல் பீச்ல அதையும் பாக்கலாம்.

தூரத்துல இருந்தே எடுக்க 100-400 மி.மீ. ஜூம் லென்ஸ் தாராளம். முதல் நாள் எடுத்தது மொத்தமும் வேஸ்ட், ஏன்னா நனைஞ்ச உடம்பு கன்னங்கரேல்னு இருக்கு, கேமரா அதைப் பாத்து வெளிச்சத்தை ஏத்திவிட, பின்னாடி இருந்த அலை நுரை எல்லாம் வெளுத்துப் போச்சு. மறுநாள் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைச்சு, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கி, ஷட்டர் வேகத்தை 1/1000 செகண்ட்ல வச்சேன், மீசைல தொங்குற தண்ணி சொட்டு கூட தெளிவா விழுந்துச்சு.

கிட்ட மட்டும் போகாதீங்க. 45 மீட்டராவது தள்ளி நிக்கணும்னு சொல்றாங்க, தொந்தரவு பண்ணா 1972ல அமெரிக்கால போட்ட கடல் பாலூட்டி பாதுகாப்பு சட்டப்படி குத்தம். ஜூன் வாக்குல குட்டி போடுற நேரத்துல அதுங்க பக்கத்துல போய் செல்பி எடுத்து ஆளுங்க பண்ண அட்டகாசத்துல, கோவை ஒட்டி இருக்கிற பாயின்ட் லா ஹோயாங்கிற பாறைப் பக்கத்தை 2023ல வருஷம் பூரா மூடிட்டாங்க. நல்லா வேணும்.

கண்ணை விட காதை தீட்டி வச்சுக்கோங்க. தாய் இரை தேடி கடலுக்குப் போனா திரும்ப ரெண்டு மூணு நாள் கூட ஆகும். நான் ஜூலைல போனப்ப ஒரு தாய் கரையேறி நின்னு கத்துச்சு, உடனே ஆட்டுக்குட்டி மாதிரி கத்திக்கிட்டு நாலஞ்சு குட்டி ஓடி வருது, அது ஒவ்வொண்ணா மோந்து பாத்து, தன்னோடது இல்லைன்னா வெடுக்குனு கடிக்க வந்து தள்ளி விடுது. கடைசியா வந்த குட்டியோட மூக்கோட மூக்கு வச்சு உரசிச்சு பாருங்க, அந்த நேரம் நான் குனிஞ்சு மெமரி கார்டுல பழைய படத்தை டெலீட் பண்ணிட்டு இருந்தேன். என்கிட்ட இருக்கிறது விரட்டு வாங்கின குட்டி ஒண்ணு என்னையே முறைக்கிற படம் தான்.