எல்லா போனும் உங்களுக்கே வந்தால்…

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். வயது 44. பதினேழு வயதில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்து, டெய்லர், லைன் சூப்பர்வைசர் என்று படிப்படியாக வந்தவன். இப்போது எனக்குக் கீழே 320 பேர். காலை எட்டரைக்குப் போனால் வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும், வாரம் ஆறு நாளும். ஒரு வருடமாக இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கமில்லை. ஷிப்மென்ட் நல்லபடியாகப் போனாலும் சந்தோஷம் வருவதில்லை. போன மாதம் செக்கிங்கில் ஒரு அக்காவை எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவர் அழுதார், எனக்கு எதுவுமே தோன்றவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. முதலாளி நல்லவர். பத்து நாள் லீவு கொடுத்தார், கொடைக்கானல் போய் வந்தோம். திரும்பி வந்த மூன்றாம் நாளே பழையபடி ஆகிவிட்டது. நான் என்ன செய்வது?

பதில்: ‘அவர் அழுதார், எனக்கு எதுவுமே தோன்றவில்லை’ என்ற வரியைப் பலமுறை படித்தேன். நீங்கள் மோசமான மனிதராகிவிட்டீர்களோ என்ற பயம் அதில் தெரிகிறது. அப்படியல்ல. மனம் மரத்துப்போவதும் ‘பர்ன்-அவுட்’ எனப்படும் வேலைச் சோர்வின் ஒரு அடையாளம்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் இதற்கு மூன்று அடையாளங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஒன்று, உடலிலும் மனதிலும் சக்தி வற்றிப்போவது. இரண்டு, வேலையிலிருந்தும் அங்கிருக்கும் மனிதர்களிடமிருந்தும் மனம் விலகி, ஒரு கசப்பு வந்துவிடுவது. மூன்று, ‘நான் செய்வதில் ஒன்றுமில்லை’ என்ற எண்ணம். உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன. அதே நிறுவனம் இதை ஒரு நோயாக வகைப்படுத்தவில்லை, வேலையால் வரும் ஒரு நிலை என்றே சொல்கிறது. நீண்ட நாள் வேலை அழுத்தம் சரிசெய்யப்படாமல் கிடந்தால் வருவது. அப்படியென்றால் சரிசெய்ய வேண்டிய இடமும் பெரும்பாலும் வேலைக்குள்ளேயே இருக்கிறது. கொடைக்கானல் உதவாததற்குக் காரணம் இதுதான். விடுமுறையின் பலன் வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில் கரைந்துவிடும் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. உங்கள் சுமையோ அப்படியே மேசை மேல் காத்திருந்தது, அதனால் மூன்றே நாளில் கரைந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1974-ல் இந்தச் சோர்வுக்கு ‘பர்ன்-அவுட்’ என்ற பெயரைப் பயன்படுத்தி எழுதியவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற நியூயார்க் உளவியலாளர். இலவச மருத்துவமனை ஒன்றில் தொண்டு செய்தவர்களிடமும் தன்னிடமும் கண்டதைத்தான் எழுதினார். முழு ஈடுபாட்டோடு வேலை செய்கிறவர்கள்தான் இதில் அதிகம் விழுகிறார்கள் என்று அவர் கவனித்தார். உங்களுக்கு இது வந்தது வேலையில் அக்கறை இல்லாததால் அல்ல.

சரி, முதலில் உடம்பு. எல்லாவற்றையும் மன அழுத்தத்தின் தலையில் போட்டுவிட வேண்டாம். இந்த வாரமே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பார்க்கச் சொல்லுங்கள். பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று மனைவியிடம் கேட்டு, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுவது பகல் முழுக்கச் சோர்வையும் எரிச்சலையும் தரும், அதற்குத் தனி சிகிச்சை உண்டு. தூக்கம் வரட்டும் என்று இரவில் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். மது சீக்கிரம் தூங்கவைக்கும், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். இரண்டு மணி விழிப்புக்கு அதுவே காரணமாக இருக்கலாம். மாலை ஆறு மணி டீயையும் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள். குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் அதிலுள்ள கஃபீனில் பாதியளவு உடம்பில் இருக்கும்.

ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி நினைவே இல்லாத நேரத்தில், பிள்ளைகளோடு இருப்பதோ பிடித்த சாப்பாடோ சந்தோஷம் தருகிறதா? தருகிறது என்றால் பிரச்சினை பெரும்பாலும் வேலையோடு நிற்கிறது. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலுமே பிடிப்பில்லை, பசியில்லை, எல்லாம் என் தப்புதான் என்று தோன்றுகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். ‘நான் இல்லாமல் போனால் தேவலாம்’ என்ற நினைப்பு ஒருமுறை வந்திருந்தாலும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். டெலி-மானஸ் எண் 14416. அரசு நடத்தும் இலவச உதவி, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

உங்கள் வேலை நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். போக்குவரத்தைக் கழித்தாலும் வாரம் 65 மணி நேரத்துக்குக் குறையாது. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதய இரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை. நேரத்தைக் குறைப்பதை உங்கள் முதலாளியிடம் ஒரு சலுகையாகக் கேட்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி வேலைக்கு வருவோம். அடியிலிருந்து மேலே வந்தவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஓவர்லாக் மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே ஊசியில் கோளாறா, நூலில் கோளாறா என்று உங்களுக்குத் தெரியும். பீஸைக் கையில் எடுத்ததுமே அளவு சரியில்லை என்று தெரியும். சூப்பர்வைசர் பத்து நிமிடம் யோசிப்பதை நீங்கள் பத்து நொடியில் சொல்லிவிடுவீர்கள். அதனால் எல்லாரும் உங்களிடமே வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் நீங்களே பதில் சொல்வதால், அவர்களுக்கு யோசிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. வருடக்கணக்கில் இப்படி நடந்தால், 320 பேருடைய கம்பெனி ஒரே ஒரு தலையை வைத்து ஓடும். அந்தத் தலைதான் இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிறது.

ஏழு நாளைக்கு ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வருகிற ஒவ்வொரு போனுக்கும், நேரில் வந்து கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி போதும். யார், என்ன கேட்டார், வேறு யார் முடிவு செய்திருக்கலாம், ஒரு மணி நேரம் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும். நான் ஆலோசனை சொன்ன மேனேஜர்கள் பலர் இந்த நோட்டைப் பார்த்து மலைத்துப்போயிருக்கிறார்கள். பெரும்பாலான வரிகள் அவர்கள் வரை வரவே தேவையில்லாதவை.

அந்த நோட்டிலிருந்து ஒரு வகை முடிவை மட்டும் தேர்ந்தெடுத்து முழுதாகக் கைமாற்றுங்கள். வேலையைக் கைமாற்றுவது வேறு, முடிவைக் கைமாற்றுவது வேறு. ‘பார்த்துட்டு எங்கிட்ட சொல்லு’ என்றால் சுமை உங்களிடமே இருக்கிறது. டெய்லர் வரவில்லையென்றால் யாரை எந்த மெஷினில் உட்கார வைப்பது என்பது இனி லைன் சூப்பர்வைசரின் முடிவு. ஆல்ட்டர் பீஸ், அதாவது குறையைத் திருத்த வேண்டிய பீஸ், இத்தனைக்குள் இருந்தால் செக்கிங் இன்சார்ஜ் முடிவு, அதற்கு மேல் போனால் மட்டும் உங்களிடம் வரட்டும். எல்லையை எண்ணாகவே சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்டு வந்தால் பதில் சொல்லாமல், ‘நீங்க என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?’ என்று கேளுங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எல்லாம் மெதுவாகும், சில தப்பும் நடக்கும். அப்போது முடிவைத் திரும்பப் பிடுங்கினால், அடுத்த முறை நீங்கள் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் இதைத் தீபாவளி போனஸ் நெருக்கடியில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு பெரிய ஷிப்மென்ட் போன மறுவாரம் நல்ல நேரம்.

ஆனால் கைமாற்றவே முடியாத ஒரு சுமையும் உங்களிடம் இருக்கிறது. ஷிப்மென்ட் தேதியை முடிவு செய்வது ஆர்டர் கொடுக்கும் பையர். துணி எப்போது வரும் என்பது சாயப்பட்டறை கையில். நடுவில் சுருங்கிப்போகும் நாட்களில் தைத்து, செக் பண்ணி, அயர்ன் பண்ணி, பேக் பண்ண வேண்டியது நீங்கள். வேலையின் நெருக்கடி அதிகமாகவும் அதன் மேல் நமக்கிருக்கும் பிடி குறைவாகவும் இருக்கும்போதுதான் அழுத்தம் மிகவும் கெடுதல் செய்கிறது என்று ஆய்வாளர் ராபர்ட் காரசெக் 1979-லேயே எழுதினார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியபோது திருப்பூரில் யாருடைய தூக்கம் கெடவில்லை? அந்த வரியைப் பற்றி உங்களால் எதுவும் செய்திருக்க முடியாது. துணி வராத தேதியைப் பற்றிச் செய்ய முடியும்.

அதற்கு முதலாளியிடம் பேச வேண்டும். நல்லவர் என்கிறீர்கள், அது பெரிய பலம். ‘எனக்கு முடியலைங்க’ என்று மட்டும் சொன்னால் அவர் இன்னொரு லீவு கொடுப்பார். கடைசி மூன்று ஆர்டரை எடுத்து, துணி வர வேண்டிய தேதி, வந்த தேதி, தையலுக்கு மிஞ்சிய நாள் என்று ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். “சார், துணி வர்றதுக்கே இத்தனை நாள் லேட்டாச்சுங்க. தையலுக்கு மிச்சம் இவ்வளவுதான் இருந்துச்சு. அடுத்த ஆர்டருக்கு தேதி ஒத்துக்கறதுக்கு முன்னாடி மெர்ச்சண்டைசரோட என்னையும் உட்கார வைங்க” என்று கேளுங்கள். பையரிடம் பேசி ஆர்டரைக் கவனிப்பவர் மெர்ச்சண்டைசர்தானே. இரண்டாவதாக, இரவு எட்டுக்கு மேல் வரும் போன்களை இரண்டு சூப்பர்வைசர்கள் முறை வைத்து எடுக்க ஒப்புதல் வாங்குங்கள். அவர்களுக்கு அதற்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும், அதையும் சேர்த்தே கேளுங்கள். உங்கள் சுமை அப்படியே அவர்கள் தலைக்கு மாறினால் இன்னும் சில வருடத்தில் இதே கடிதத்தை அவர்கள் எழுதுவார்கள்.

இதெல்லாம் மாற மாதங்கள் ஆகும். அதுவரை தினமும் ஒரு இடைவெளி வேண்டும். வேலை முடிந்தபின் மனதளவிலும் வேலையிலிருந்து விலக முடிகிறவர்கள் மறுநாள் தெம்பாக இருக்கிறார்கள் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் சபீனா சோனன்டாக் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். கிளம்பும் முன் நாளைக்கான முதல் மூன்று வேலைகளை எழுதி வைத்துவிட்டு வாருங்கள். எழுதி வைத்ததை மனம் இரவெல்லாம் சுமக்க வேண்டியதில்லை. ஒன்பதரைக்கு மேல் போன் வேறு அறையில் இருக்கட்டும். தீ, விபத்து, யாருக்காவது அடிபட்டது என்றால் மட்டும் வீட்டு எண்ணுக்கு வரச் சொல்லுங்கள். இரவு விழித்தால் மணி பார்க்காதீர்கள். இருபது நிமிடம் போல் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் சும்மா உட்காருங்கள், கண் சொக்கும்போது போய்ப் படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் அதே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள். யோகா, நடை எல்லாம் நல்லவையே, செய்யுங்கள். ஆனால் சுமை குறையாமல் அவற்றை மட்டும் சேர்த்தால் செய்ய வேண்டிய வேலைகளில் இன்னொன்று கூடுகிறது, அவ்வளவுதான்.

கடைசியாக, அந்த அக்கா. மனதில் பழைய ஈரம் திரும்பி வரட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். பேசினால்தான் அது திரும்பும். கத்தியது எல்லார் முன்னாலும், அதனால் சொல்வதும் எல்லார் முன்னாலும் இருக்கட்டும். லைன் ஓடும்போது வேண்டாம், சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும் நேரம் சரியாக இருக்கும். “அக்கா, அன்னைக்கு எல்லார் முன்னாலயும் நான் கத்துனது தப்புங்க. பீஸ்ல குறை இருந்தா தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும்.” ஷிப்மென்ட் டென்ஷன், தூக்கமில்லை என்று காரணம் எதுவும் சேர்க்காதீர்கள். அவர் பதில் சொல்லாமல் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனாலும் பரவாயில்லை, அன்று மாலை பீஸில் குறை இருந்தால் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.